தொழில் தொடங்குமுன் தூங்கி எழு!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடு மாப்ளே" என்று நமது மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, "கவிதையா, கடி ஜோக்கா?" என்றுதான் நான் கேட்டேன். "அது ரெண்டும் மூட்டை மூட்டையா வந்து கெடக்கு. உருப்படியா ஒண்ணு எழுது" என்றான். இந்த வருஷம் நான் உருப்படியாக யோசித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதையே எழுதுகிறேன். பிடித்தால் கைதட்டுங்கள். பிடிக்காவிட்டால் கேன்டீனில் பிடித்துத் திட்டுங்கள்!

விஷயம் இதுதான். சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வர வேண்டும்? வயிற்றெரிச்சலில் இருந்தா, மனசும் உடம்பும் தெம்பாக இருக்கிற நிலையில் இருந்தா?

மேடை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கட்சி. பசித்தவன்தான் ஜெயிப்பான், அவமானப்பட்டவன்தான் முதலாளி ஆவான், தூக்கத்தைத் தொலைத்தவன்தான் கோட்டையைப் பிடிப்பான் என்று பேசுவார்கள். ஹால் அதிரக் கைதட்டு விழும். நானும் தட்டியவன்தான். இனிமேல் தட்ட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே ஊர், இரண்டு கனவு

என் ஊர் ஆயக்குடி. பழனியில் திண்டுக்கல் பஸ் ஏறினால் சீட்டில் உட்கார்ந்து சூடு ஏறுவதற்குள் வந்துவிடும். ஆயக்குடி என்றாலே கொய்யா. சந்தையில் பெட்டி பெட்டியாக இறங்கும். லோடு கட்டிக் கேரளா வரைக்கும் போகும். பழனி முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பக்தர்கள் ரோட்டோரக் கூடையில் வாங்கிக் கடித்துக்கொண்டே போவார்கள். விலை இருந்தால் ஊரே சிரிக்கும். விலை விழுந்தால் பறிக்கிற கூலிகூடக் கட்டாது. கொய்யா என்ன, குடோனில் அடுக்கி வைத்து விலை வரும்போது விற்கிற சரக்கா? இரண்டு மூன்று நாளில் கனிந்து குழைந்துவிடும். அதனால்தான் சாறு, கூழ் எடுக்கிற ஆலை ஒன்று வேண்டும் என்பது எங்கள் பக்கத்தின் நெடுநாள் கோரிக்கை.

அதே ஆயக்குடிக்கு இன்னொரு பெயரும் உண்டு. அரசுப் பணித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மரத்தடியில் இலவசப் பயிற்சி கொடுக்கிற ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளி மாவட்டங்களில் இருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிற அந்த நல்ல உள்ளங்களுக்கு என் வணக்கம்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு கனவு. ஒன்று கொய்யாப் பெட்டி, இன்னொன்று கவர்மென்ட் வேலை. நம் அப்பா அம்மாவைக் கேட்டால் இரண்டாவதைத்தான் கை காட்டுவார்கள். "ஒண்ணாந் தேதியானா சம்பளம். ராத்திரி படுத்தாத் தூக்கம் வரும்ல?" என்பது அவர்கள் நியாயம். கவனியுங்கள். அவர்கள் பேசுவது பணத்தைப் பற்றி மட்டுமல்ல, தூக்கத்தைப் பற்றியும்தான்! தொழில் என்றால் நிம்மதி போய்விடும், வேலை என்றால் நிம்மதி வரும் என்று முடிவே கட்டிவிட்டார்கள். மேடைப் பேச்சாளரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார். நிம்மதியைத் தொலைத்தால்தான் தொழில் வரும் என்கிறார். இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் வேறு வேறு ராகத்தில் பாடுகிறார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

என் கதை கொஞ்சம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாலாவது செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர் விழுந்தது. அதுவரைக்கும் அரியர் என்றால் அடுத்தவனுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். ரிசல்ட் வந்த நாளில் இருந்து தூக்கம் போச்சு. கிரவுண்டுக்குப் போவதை நிறுத்தினேன். அம்மா வைக்கிற சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவேன்.

அந்த நாட்களில்தான் எனக்குள் ஒரு 'தொழிலதிபர்' பிறந்தான்! ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கையில் புரண்டபடி கொய்யாக் கூழ் ஆலைக்குக் கணக்குப் போடுவேன். மெஷின் இவ்வளவு, கரண்ட் இவ்வளவு, பாட்டில் இவ்வளவு. மூன்றே வருஷத்தில் கார். என்னைப் பார்த்துச் சிரித்தவன் எல்லாம் என் கேட்டில் வந்து நிற்பான். இப்படியே விடிந்துவிடும்.

ஒருநாள் அப்பாவிடம் சொல்லியே விட்டேன். "படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறோம்ப்பா? நான் சொந்தத் தொழில் பண்ணப் போறேன்." அப்பா சந்தையில் பெட்டி இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பண்ணலாம் சாமி. மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வந்து சாப்புடு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அம்பானி வீட்டில் இப்படியா சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பரீட்சையில் இரண்டு அரியரும் போய்விட்டது. அன்று ராத்திரி அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன். காலையில் எழுந்தால் ஆச்சரியம்! கொய்யாக் கூழ் ஆலையைக் காணோம். தேடிப் பார்த்தேன், மனசில் எங்கேயும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. நான் ஆசைப்பட்டது தொழிலுக்கு அல்ல. அரியரில் இருந்து தப்பித்து ஓட ஒரு கதவு தேவைப்பட்டது. அந்தக் கதவின் மேல் 'தொழில்' என்று எழுதி வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

அண்ணன் கதை

நானாவது கனவோடு நின்றேன். என் பெரியப்பா மகன் நிஜமாகவே இறங்கிவிட்டான். அவனும் மெக்கானிக்கல் டிப்ளமோதான். வெளியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஒருநாள் சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் அசிங்கமாகப் பேசிவிட்டார். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன், இருபது நாளில் வெல்டிங் பட்டறை போட்டுவிட்டான். "அந்தாளு மூஞ்சியில கரியப் பூசணும்" என்பதுதான் அவன் போட்ட திட்ட அறிக்கை!

பேங்குக்குப் போய் நிற்கப் பொறுமை இல்லை. தண்டல்காரரிடம் வாங்கினான். அந்தக் கணக்கை நாம் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 50,000 ரூபாய்க் கடன் என்று பெயர். 7,500 பிடித்துக்கொண்டு கையில் 42,500. தினம் 500 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் 15 விழுக்காடு மாதிரித் தெரியும். ஆனால் முதல் நாளில் இருந்தே திருப்பிக் கட்டுவதால், நூறு நாளும் சராசரியாக நம் கையில் நிற்பது பாதிப் பணம்தான். வருஷத்துக்கு வட்டி என்று கணக்குப் பார்த்தால் நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும்! எந்தப் பட்டறைதான் அவ்வளவு லாபம் தரும்? அண்ணன் இன்ஜினியரிங் மேத்ஸில் என்னைவிட நல்ல மார்க். ஆத்திரத்தில் இருந்ததால் இந்தக் கூட்டல் கழித்தல் அவன் கண்ணில் படவில்லை.

அப்புறம் என்ன? சாயங்காலம் ஆனால் தண்டல்காரர் வண்டிச் சத்தம். ராத்திரித் தூக்கம் போச்சு. கேட்டுக்கு ரேட் சொல்லும்போது வெல்டிங் ராடு, பிரைமர், கரண்ட் பில் மூன்றையும் சேர்க்க மறந்து சொல்வான். வாடிக்கையாளர் ஒரு வார்த்தை குறை சொன்னால் எரிந்து விழுவான். பதினாலு மாதத்தில் ஷட்டர் இறங்கியது. வேலை தெரியாததால் மூடவில்லை. அவன் போட்ட வெல்டு இன்றைக்கும் எங்கள் தெருக் கேட்டுகளில் அசையாமல் நிற்கிறது. வேலை தெரிந்தது, ஆனால் மனசு நிலையாக இல்லை.

கரும்புக்காரர்கள் சொன்ன பாடம்

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும்தானா என்று நூலகத்தில் தேடினேன். நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் செய்தது. 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்புக்காரருக்குப் பணம் வெட்டு முடிந்த பிறகுதான் வரும். வெட்டுக்கு முன்னால் கை வறண்டு, அடகு, கடன் என்று நாள் ஓடும். ஒரே விவசாயிக்கு வெட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை புத்திக்கூர்மைப் புதிர்கள் கொடுத்தார்கள். முன்னால் குறைவாகச் செய்தவர், பின்னால் அதைவிட நன்றாகச் செய்தார்!

ஆள் அதே ஆள். மூளை அதே மூளை. கவலை ஓர் இடத்தை அடைத்துக்கொண்டால் மற்ற யோசனைக்கு இடம் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. என் அண்ணனும் மக்கு இல்லை. அவன் 'வெட்டுக்கு முந்திய' ஆள். வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை வெட்டுக்கு முந்திய மனசோடு எடுத்துவிட்டான்.

இன்னொன்றும் படித்தேன். ஐசெக் அய்சன் என்ற உளவியல் அறிஞர் 1991இல் எழுதிய கட்டுரையை வைத்துத்தான் தொழில் தொடங்கும் எண்ணத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் நிறைய நடக்கின்றன. ஒருவனின் எண்ணம் மூன்று காலில் நிற்கிறது என்கிறார் அவர். அந்தக் காரியம் நல்லது என்று அவன் நினைக்க வேண்டும். அவனுக்கு வேண்டியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது இரண்டாவது. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை மூன்றாவது. நமக்குப் பட்ட அவமானம் முதல் காலை மட்டும் பனைமரம் மாதிரி வளர்த்துவிடும். மூன்றாவது கால்? அது தூக்கமும் சோறும் நண்பர்களும் கைத்தொழிலும் சேர்ந்து வளர்ப்பது. நம் வகுப்புத் தோழியருக்கு இரண்டாவது கால்தான் பெரும்பாடு. லேத்தில் நம்மைவிட நன்றாக வேலை செய்கிற பெண்ணிடம், "பட்டறை போடப் போறேன்னு வீட்ல சொல்லிப் பாரேன்" என்றால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

எதிர்க்கட்சிக்குப் பதில்

ஹாஸ்டல் நண்பர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். ஒருவன் கேட்டான்: "நல்லா சாப்பிட்டு நல்லாத் தூங்குறவன் எதுக்குடா தொழில் தொடங்கணும்? அவன் குறட்டைதான் விடுவான்!" நியாயமான கேள்வி. சுகமாக இருப்பவன் எல்லாம் தொழில் தொடங்குவான் என்று நான் சொல்லவில்லை. தெம்பு என்பது விதை அல்ல, மண். விதை வேறு எங்கிருந்தோ வர வேண்டும். ஆனால் மண் வெந்து கிடந்தால் எந்த விதையும் முளைத்துக் கருகும்.

இன்னொருவன் கேட்டான்: "வீட்டில் கஷ்டம் இருக்கிறவன் தெம்பு வருகிற வரைக்கும் காத்திருந்தால் கிழவன் ஆயிடுவான்டா." இது இன்னும் நியாயம். என் அம்மாவே ரோட்டோரம் கூடை வைத்தது ஆசையில் அல்ல, தேவையில். தேவைக்காகத் தொடங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அம்மா என்ன செய்தாள்? ஒரு கூடையில் தொடங்கினாள். விற்கவில்லை என்றால் ஒரு கூடைதான் நட்டம். அன்று ராத்திரியும் தூங்கினாள். தேவை நெருக்கும்போது சின்னதாகத் தொடங்கு. தெம்பு வந்த பிறகு பெரிதாக்கு. கூடைக்காரிக்குத் தெரிந்த இந்தப் பாடம் டிப்ளமோக்காரனுக்குத் தெரியவில்லை!

கோவை ஜி.டி.நாயுடுவை எல்லோரும் மேடையில் இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், வேறு காரணத்துக்காக. 1920இல் அவர் தன் முதல் பஸ்ஸை ஓட்டியது எந்த ரூட்டில் தெரியுமா? பொள்ளாச்சியில் இருந்து நம்ம பழனிக்கு! ஆனால் அந்த ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை. ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துச் சம்பளம் சேர்த்தார். அந்தப் பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பிரித்து மாட்டிக் கற்றார். பருத்தி வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்ததை இழந்தும் பார்த்தார். அதற்கெல்லாம் பிறகுதான் ஒரே ஒரு பஸ். அதை அவரே ஓட்டினார். 1945இல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்கவும் அவரே முன் நின்றார். நம் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு அவர் ஒரு வகையில் பாட்டனார். பாட்டனார் சொத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய வேகத்தை மட்டுமல்ல, பொறுமையையும்தான்.

21 வயது என்னும் வரம்

இப்போது நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2012-13இல் கொண்டுவந்த 'நீட்ஸ்' திட்டம் நமக்காகவே இருப்பது. டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்கள் மாவட்டத் தொழில் மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை போகும் தொழில்களுக்கு 25 விழுக்காடு மூலதன மானியம், வட்டியில் 3 விழுக்காடு மானியம், பயிற்சி எல்லாம் உண்டு. சொந்தப் பணம் பொதுப் பிரிவினருக்கு 10 விழுக்காடு, சிறப்புப் பிரிவினருக்கு 5 விழுக்காடு. ஆனால் ஒரு நிபந்தனை: 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

பத்தாவது முடித்து வந்த நமக்கு டிப்ளமோ முடியும்போது 18, 19 வயது. "ரெண்டு மூணு வருஷம் சும்மா இருக்கணுமா?" என்று நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். நான் அதை வரமாகப் பார்க்கிறேன். அந்த இடைவெளியில் ஒரு கம்பெனியில் சேருவோம். சம்பளம் வாங்கிக்கொண்டே, ரேட் போடுவது எப்படி, சரக்கு எங்கே வாங்குவது, பாக்கி எப்படி வசூலிப்பது, தொழிலாளியிடம் எப்படிப் பேசக்கூடாது என்று கற்போம். கடைசிப் பாடம் ரொம்ப முக்கியம். அந்த சூப்பர்வைசர் ஒருவர் போதும், நாமும் அப்படி ஆக வேண்டாம்.

நாலு வேண்டுகோள்

நண்பர்களுக்கு மூன்று, மாணவர் மன்றத்துக்கு ஒன்று.

ஒன்று: தொழில் ஆசை வந்தால் உடனே யாரிடமும் சொல்லாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், யார் மேலும் கோபம் இல்லாத ஒரு நாளில், அந்த ஆசை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆசை. இல்லை என்றால் அது காய்ச்சல்.

இரண்டு: முதல் முதலீட்டைத் தண்டலிலும் கந்துவட்டியிலும் வாங்காதீர்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்தாயிற்று. அப்புறமும் நாமே போய்த் தலையை நீட்டுவானேன்?

மூன்று: மனசு சரியில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். நண்பனிடம் சொல்லுங்கள், சாரிடம் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. 2022இல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம். அரியர் நேரத்தில் இந்த எண் எனக்குத் தெரிந்திருந்தால், கொய்யாக் கூழ் ஆலை கட்டாமலே தூங்கியிருப்பேன்.

நான்கு, மன்றத்துக்கு: தொழில் முனைவோர் நாள் என்று வருஷா வருஷம் ஜெயித்தவர்களையே அழைக்கிறீர்கள். அடுத்த வருஷம் கடையை மூடிய ஒருவரையும் மேடை ஏற்றுங்கள். எந்த நாளில் தூக்கம் போனது, எந்தக் கணக்கு தப்பானது என்று அவர் சொல்லட்டும். ஒரு மணி நேரம் போதும். பத்து சாதனைப் பேச்சுகள் கற்றுத் தராததை அது கற்றுத் தரும். அப்படியே, சாயங்காலம் கிரவுண்டைச் சீக்கிரம் பூட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கபடியும் தொழில் முனைவோர் பயிற்சிதான்!

வள்ளுவர் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்று முயற்சிக்கு அதிகாரம் அதிகாரமாக வைத்தார். அதே பொருட்பாலில்தான் மருந்து என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். பொருள் தேடுகிறவனுக்கு உடம்பும் முதல்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். கோவையில் மூன்று வருஷம் வேலை பார்த்துக் கடனை அடைத்தான். உடம்பு தேறியது, சிரிப்பு திரும்பியது. இப்போது ஊரில் ஒரு சின்ன இடத்தில் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், தண்ணி மோட்டார் ரிப்பேர் பார்க்கிறான். கொய்யாத் தோட்டக்காரர்கள் தேடி வருகிறார்கள். கார் வாங்கவில்லை. ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். ரேட் சொல்லும்போது இப்போது கரண்ட் பில்லை மறப்பதில்லை!

எனக்கும் அந்த ஆசை மறுபடி வந்திருக்கிறது. இந்த முறை ராத்திரி ஒரு மணிக்கு அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அண்ணன் பட்டறையில் ஒரு மோட்டாருக்கு காயில் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. பரீட்சை முடிந்ததும் வேலைக்குப் போகிறேன். 21 முடியட்டும், திரும்பி வருகிறேன். அப்பாவிடம் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தார். இந்த முறை மூஞ்சியைக் கழுவச் சொல்லவில்லை. "செரி, எடம் எங்க பாக்கலாம்?" என்றார்.

நண்பர்களே, முதலில் சாப்பிடுங்கள். நன்றாகத் தூங்குங்கள். விடிந்ததும் பேசுவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
இறுதியாண்டு இயந்திரவியல், ஆயக்குடி.